கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேராசிரியர் ஆக ஆசைப்படும் மகளுக்கு

மகள் இ.இ.இ. (மின், மின்னணுப் பொறியியல்) மூன்றாம் ஆண்டு படிக்கிறாள், கன்ட்ரோல் சிஸ்டம்ஸில் (இயந்திரங்களை நாம் குறித்தபடி தானாக இயங்க வைக்கும் துறை) பேராசிரியராக வேண்டும் என்கிறாள், ஐ.டி. வேலைக்குப் போகாமல் இதில் இறங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக இறங்கலாம். வயதுக் கணக்கை மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். 22-ல் பி.இ., 24-ல் எம்.டெக்., பிஎச்.டி. முடிய 29 அல்லது 30 ஆகிவிடும். ஐ.ஐ.டி.யில் நிரந்தர உதவிப் பேராசிரியர் பதவிக்கு அதற்குப் பிறகும் 3 ஆண்டு அனுபவம் கேட்பார்கள். அதுவரை வீட்டுக் காசில் படிக்க வேண்டியதில்லை. ஐ.ஐ.டி., என்.ஐ.டி.களில் கேட் (முதுநிலைப் பொறியியல் நுழைவுத் தேர்வு) மதிப்பெண்ணோடு எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. பிஎச்.டி.யில் முதல் 2 ஆண்டு 37,000, பிறகு 42,000.

எங்கே படிப்பது? ஐ.ஐ.டி. பம்பாயில் சிஸ்டம்ஸ் அண்ட் கன்ட்ரோல் தனி மையமாகவே இருக்கிறது. நம் பக்கத்தில் ஐ.ஐ.டி. மெட்ராஸ், திருச்சி என்.ஐ.டி.யின் ஐ.சி.இ. (இன்ஸ்ட்ருமென்டேஷன் அண்ட் கன்ட்ரோல்) துறை, பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி. ஆகியவற்றைப் பார்க்கலாம். பி.இ. முடித்து நேரடியாக பிஎச்.டி. கிடைத்தால், கூடவே எம்.எஸ். அல்லது எம்.டெக். பட்டமும் தருவார்களா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். ஏனென்றால், பொறியியல் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ-யின் 2019 விதிப்படி உதவிப் பேராசிரியர் பதவிக்கு பி.இ., எம்.இ. இரண்டும் வேண்டும், அதில் ஒன்றிலாவது முதல் வகுப்பு வேண்டும்.

பலர் சறுக்குவது கணிதத்தில்தான். அமைப்பின் நடத்தையைக் காட்டும் ரூட் லோகஸ், போடே வரைபடம் இரண்டையும் படிப்படியாக மனப்பாடம் செய்தாலே செமஸ்டரில் நல்ல மதிப்பெண் வந்துவிடும். பிஎச்.டி. நேர்முகத்தில் அது செல்லாது. அமைப்பைக் குறிக்கும் அணியின் (மேட்ரிக்ஸ்) ஐகன் மதிப்புகளின் மெய்ப்பகுதி எல்லாம் எதிர்மமாக இருந்தால் அமைப்பு ஏன் நிலைக்கிறது, நிலைத்தன்மையை நிரூபிக்க உதவும் லியபுனோவ் சார்பை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கரும்பலகையில் எழுதச் சொல்வார்கள். நேரியல் இயற்கணிதத்தையும் வகைக்கெழுச் சமன்பாடுகளையும் இப்போதே என்.பி.டி.இ.எல். இலவச இணையப் பாடங்களில் ஊன்றிப் படிக்கட்டும்.

கூடவே கையால் செய்து பார்ப்பதும் வேண்டும். ஒரு 12 வோல்ட் டிசி மோட்டார், அதன் வேகத்தை அளக்க என்கோடர், நிரலை ஓட்ட ஆர்டுயினோ என்ற சிறு பலகை போதும். பிழையைப் பார்த்து வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் பி.ஐ.டி. கட்டுப்பாடு, மேட்லாப் என்ற கணினி மென்பொருளில் அழகாக ஓடும். மோட்டாரில் போட்டால் குறித்த வேகத்தைத் தாண்டிப் பாய்ந்து, தாமதமாகத் திரும்பும். காரணம், கன்ட்ரோலர் 40 வோல்ட் கேட்கிறது, மோட்டாருக்கு மின்சாரம் தரும் டிரைவர் சர்க்யூட் 12-க்கு மேல் தராது. பிழை தீராததால், பிழையைக் கூட்டிக்கொண்டே வரும் இன்டக்ரல் பகுதி ஏறிக்கொண்டே போகிறது. வேகம் எட்டிய பிறகும் அது இறங்க நேரம் எடுக்கிறது. வோல்டேஜ் உச்சம் தொட்டதும் இன்டக்ரலை நிறுத்திவைக்க ஒரு வரி சேர்த்தால் பாய்ச்சல் பெரிதும் அடங்கும். இதைத் தானே கண்டுபிடித்துச் சரிசெய்த மாணவி நேர்முகத்தில் தடுமாற மாட்டாள்.

பிஎச்.டி.யில் கல்லூரிப் பெயரைவிட வழிகாட்டிப் பேராசிரியர் முக்கியம். அவருடைய மாணவர்கள் எத்தனை ஆண்டில் பட்டம் வாங்கினார்கள், ஆட்டோமேட்டிகா போன்ற தரமான ஆய்விதழ்களில் எழுதுகிறார்களா என்று விசாரியுங்கள். இத்தகைய இதழ்களில் ஒரு கட்டுரை ஏற்கப்படவே ஓராண்டு ஆகலாம். பணம் கட்டினால் ஒரே வாரத்தில் வெளியிடும் இதழ்கள் பக்கமே போக வேண்டாம். பின்னாளில் தேர்வுக் குழு அந்தப் பட்டியலைப் பார்த்தே ஒதுக்கிவிடும்.

ஏஐசிடிஇ விதியில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700. இணைப் பேராசிரியருக்கு பிஎச்.டி.யோடு மொத்தம் 8 ஆண்டு அனுபவம் வேண்டும், அதில் 2 ஆண்டாவது பிஎச்.டி.க்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். பேராசிரியருக்கு 10 ஆண்டு, அதில் இணைப் பேராசிரியராக 3. ஆனால் பல தனியார் கல்லூரிகளில் இந்தச் சம்பளம் கிடைப்பதில்லை. அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் இடத்தில் தற்காலிகமாகக்கூடச் சேர வேண்டாம், பிஎச்.டி. சேர்க்கையின்போது அவற்றை மீட்பதே பெரும்பாடாகிவிடும்.

மூன்றாம் ஆண்டிலேயே கேட் எழுதலாம், மதிப்பெண் 3 ஆண்டு செல்லும். விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்ட் கடைசியில் திறக்கும். மின்பொறியியல் தாளோடு, இரண்டாவதாக இன்ஸ்ட்ருமென்டேஷன் தாளையும் எழுத முடியுமா என்று அந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.