முன்விளிம்பில் மோதும் பந்து

கேள்வி: கூடைப்பந்து ஆடுபவர்கள் எடை தூக்கினால் கை இறுகிக் குறி தவறும் என்கிறார்களே, உண்மையா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: கையை விடுங்கள், காலைப் பாருங்கள். கல்லூரி அணியில் ஆடிய நாட்களில், காலையில் பாரத்தைத் தோளில் ஏற்றி உட்கார்ந்து எழுவேன். அன்று மாலை எறிந்த பந்தெல்லாம் வளையத்தின் முன்விளிம்பில் ‘டங்’கென்று மோதித் திரும்பும். மணிக்கட்டைத் திட்டினேன், குற்றவாளி களைத்துப்போன தொடை. தொலைவிலிருந்து எறியும் பந்துக்கு விசை காலிலிருந்துதான் ஏறி வருகிறது.

ஆனால், எடையே வேண்டாம் என்பதும் அசட்டுத்தனம். அமெரிக்காவின் என்.பி.ஏ. தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரின் வீரர் ஸ்டீபன் கரியைப் பாருங்கள். கணுக்கால் காயத்தால் 2011-12 பருவத்தில் 26 ஆட்டங்களோடு சரி. பிறகு வலிமைப் பயிற்சியாளர் கணுக்காலோடு நிற்காமல் இடுப்பைப் பலப்படுத்தினார். ஒல்லியான அந்த மனிதர் தரையிலிருந்து சுமார் 180 கிலோ தூக்கும் அளவுக்கு வளர்ந்தார். குறி கெட்டதா? 2015-16இல் தொலைவிலிருந்து எறிந்து வளையத்தில் போட்ட மூன்று புள்ளிப் பந்துகள் மட்டும் 402. அது என்.பி.ஏ. சாதனை.

சூட்சுமம் வரிசையில் இருக்கிறது. உடல் களைக்காமல் இருக்கும்போது பந்து. எடை அதற்குப் பிறகு. போட்டிகள் இல்லாத மாதங்களில் பாரத்தைக் கூட்டலாம். போட்டிக் காலத்தில் வாரம் இரண்டு முறை, சுருக்கமாக, தசை நடுங்குமுன் நிறுத்திவிட வேண்டும். ஆட்டத்துக்கு முந்தைய நாள் கனமான கால் பயிற்சி கூடவே கூடாது. நான் அதைத்தான் செய்தேன், மாவட்டப் போட்டியில்!