மக்கள் தொடர்பு படிக்க நினைக்கும் மகளும் பாம்பன் அம்மாவின் கவலையும்

அம்மா, உங்கள் மகள் மக்கள் தொடர்பு படிக்க நினைக்கிறாள்; பூங்கொத்து கொடுத்துக் கும்பிடு போடுகிற வேலைக்கு எதற்கு ஒரு பட்டம் என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் பார்ப்பது வேறு. நிறுவனத்தில் விபத்து நடந்த முதல் ஒரு மணி நேரத்தில் இந்தப் பெண் நிருபர்களிடம் என்ன சொல்வாள், எதைச் சொல்லாமல் இருப்பாள் என்றுதான் பார்ப்பார்கள். அதை வீட்டிலேயே பழகலாம்.

மண்டபம் பக்கம் ஒரு ஐஸ் பிளான்டில் அம்மோனியா கசிந்து, வேலை செய்தவர்கள் மயங்கிவிட்டதாக வைத்துக்கொள்வோம். கேமராக்கள் வாசலுக்கு வந்துவிடும். கச்சான் காற்று அடிக்கிறதா வாடைக் காற்று அடிக்கிறதா என்று பார்த்து, நிருபர்களைக் காற்று வருகிற பக்கம், தள்ளி நிறுத்த வேண்டும். அதுதான் முதல் வேலை. செக்யூரிட்டி கையை நீட்டி லென்ஸை மறைத்தால் அன்றைக்கு டிவியில் ஓடப்போவது அந்தக் கைதான்.

அறிக்கை நாலு வரி போதும், எண்பது சொல்லைத் தாண்ட வேண்டாம். எங்கே, எத்தனை மணிக்கு, என்ன நடந்தது. எத்தனை பேர் எந்த ஆஸ்பத்திரியில். இப்போது என்ன நடக்கிறது. அடுத்த தகவல் எத்தனை மணிக்கு. சொன்ன நேரத்தில் புதிதாக ஒன்றுமில்லை என்றாலும் வந்து நின்று அதைச் சொல்ல வேண்டும். வராவிட்டால் வதந்தி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

காரணத்தை அன்றே சொல்லக் கூடாது. 'ஆபரேட்டரின் கவனக்குறைவு' என்று சொல்லிவிட்டு, பிறகு குழாய் துருப்பிடித்திருந்தது என்று தெரிந்தால், ஓர் ஏழைத் தொழிலாளியின் பேரைக் கெடுத்த பாவமும் சேரும். வீட்டாருக்குத் தெரியுமுன் பாதிக்கப்பட்டவர் பெயர் வெளியே போகவே கூடாது. 'நீங்கள் மறைக்கிறீர்களா?' என்று கேட்டால், 'மறைக்கவில்லை' என்று பதில் சொன்னால் அதுவே தலைப்பாகிவிடும். 'தெரிந்ததைச் சொல்லிவிட்டோம், மற்றது ஆறு மணிக்கு' என்பது போதும்.

எண்ணிக்கையில்தான் அதிகம் சறுக்குவார்கள். படகு திரும்பவில்லை என்றால் உங்கள் ஊரிலேயே பார்த்திருப்பீர்கள்: ராமேஸ்வரத்தில் மீன்வளத் துறையிடம் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கிப் போன படகு பாம்பனிலோ மண்டபத்திலோ கரையேறியிருக்கும், அதற்குள் 'மாயம்' என்று செய்தி போய்விடும். டோக்கன் கணக்கோடு ஒப்பிடாமல் எந்த எண்ணையும் வெளியே சொல்லக் கூடாது.

பேச்சு மட்டும் காப்பாற்றாது. 1982இல் சிகாகோ வட்டாரத்தில் டைலனால் என்ற வலி நிவாரணி கேப்சூல்களில் யாரோ சயனைடு கலந்து 7 பேர் இறந்தார்கள். அதை விற்ற ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் சுமார் 3.1 கோடி பாட்டில்களைத் திரும்பப் பெற்றது. அந்தச் செயல் இருந்ததால்தான் அவர்கள் சொன்னதை மக்கள் கேட்டார்கள். உங்கள் மகள் முதலாளியிடமே இதை எடுத்துச் சொல்லும் தைரியத்தையும் வளர்த்துக்கொள்ள வேண்டும்.

படிப்பு: இதழியல் அல்லது விஷுவல் கம்யூனிகேஷன். வேறு பட்டம் என்றாலும் பரவாயில்லை. மேற்படிப்புக்கு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இதழியல் உண்டு; டெல்லியில் இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனத்தில் (IIMC) விளம்பரம், மக்கள் தொடர்பு சேர்ந்த முதுநிலை டிப்ளமோ உண்டு. அரசில் கலெக்டர் அலுவலகத்திலேயே மக்கள் தொடர்பு அலுவலர் பணி இருக்கிறது.

இந்த வாரமே அந்த ஐஸ் பிளான்ட் அறிக்கையைப் பதினைந்து நிமிடத்தில் தமிழில் எழுதச் சொல்லுங்கள், பிறகு ஆங்கிலத்தில். அவள் அப்பா நிருபராக உட்கார்ந்து குறுக்குக் கேள்வி கேட்கட்டும், நீங்கள் செல்போனில் படம் பிடியுங்கள். பதில் இருபது விநாடியைத் தாண்டினால் மறுபடி எடுக்க வேண்டும்.