தோட்டத்து அக்கா பதில்கள்

கேள்வி: அக்கா, லயத்து வாசலில் வைத்திருக்கும் எச்சிவேரியா என்ற சதைப்பற்றுச் செடியின் அடி இலைகள் கண்ணாடி மாதிரி ஆகி, தொட்டாலே கழன்று விழுகின்றன. தண்ணீர் போதவில்லையா?
– வாசகி, ஹட்டன்

பதில்: தண்ணீர் கூடித்தான் போச்சு, தங்கச்சி! காய்ந்தால் இலை சுருங்கும், இப்படி ஊதி வெளுக்காது. உங்கள் பக்கத்துத் தென்மேல் பருவமழையே அதற்கு அதிகம். முதலில் கூரைக்குள், வெளிச்சம் விழும் பக்கமாக மாற்றுங்கள். அப்புறம் சாடியைக் கவிழ்த்து, கறுத்த வேரை வெட்டுங்கள். தண்டும் கறுத்திருந்தால், உள்சதை சுத்தமாகத் தெரியும்வரை அறுத்து, தலையை நான்கைந்து நாள் நிழலில் காயவைத்து ஊன்றுங்கள். வெட்டின உடனே நட்டால் திரும்ப அழுகும். மண்ணில் பாதி ஆற்று மணல் இருக்கட்டும். பால்மா பேணியில்தான் வைப்பேன் என்றால் சரி, அடியில் ஆணியால் நாலு ஓட்டை போடுங்கள்.