பெண் இயக்குநர்கள் ஏன் பெண்கள் கதையையே எடுக்கிறார்கள்?

அப்படி இல்லை. நீங்கள் ஒன்றிரண்டு படம் பார்த்துவிட்டு இப்படிக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 'சூரரைப் போற்று' விமான நிறுவனம் தொடங்கப் போராடும் ஓர் ஆணின் கதை. இயக்கியவர் சுதா கொங்கரா. ஹலிதா ஷமீமின் 'பூவரசம் பீப்பீ' மூன்று பையன்களைப் பற்றியது. மதுமிதாவின் 'கே.டி.'யில் 80 வயதுத் தாத்தாவும் ஒரு சிறுவனும்தான். பெண்கள் படம் இயக்குவதே புதிதில்லை, நடிகை டி.பி. ராஜலட்சுமி 1936லேயே 'மிஸ் கமலா'வை இயக்கிவிட்டார். இத்தனைக்குப் பிறகும் இந்தக் கேள்வி வருவதுதான் வலிக்கிறது.

நான் நான்கு வருடம் உதவி இயக்குநராக இருந்தவள். ஒரு படத்தின் கதை விவாதத்தில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம், நான் ஒருத்திதான் பெண். கதாநாயகி நர்ஸ். நைட் டியூட்டி முடிந்து, தலை நிறைய மல்லிகைப்பூவோடு வீட்டுக்கு வந்து நாயகனைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று காட்சி. என் அம்மாவும் நர்ஸ்தான். டியூட்டி முடிந்து வந்தால் வாட்சைக் கழற்றி ஃப்ரிட்ஜ் மேல் வைப்பார், முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவார், அதற்கப்புறம்தான் எங்களைத் தொடுவார். அதைச் சொன்னேன். "அதெல்லாம் லேடீஸ் மேட்டர்ம்மா, உன் படத்தில் வைத்துக்கொள்" என்றார்கள். இடைவேளைச் சண்டையை மூடிய அரிசி மில்லில் வைக்கலாம் என்றும் நான்தான் சொன்னேன். அது படத்தில் வந்தது, வேறொருவர் யோசனையாக.

ஆண் இயக்குநர்கள் எல்லாரும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை, உடனே சண்டைக்கு வராதீர்கள். ஒரு மனைவியின் துயரத்தைச் சொன்ன 'உதிரிப்பூக்கள்' எடுத்த மகேந்திரனும் ஆண்தான். கூர்ந்து கவனிக்கிற மனசு யாருக்கும் வரும். பெண்கள் கதையை எடுத்தாலும் அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எந்தக் கதை எங்களுக்கு என்று அடுத்தவர் முடிவு செய்யக்கூடாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அந்தப் படத்தின் கடைசி இருபது நாள் பேட்டா, அதாவது தினப்படி, இன்னும் எனக்கு வரவில்லை. வெளிப்புறப் படப்பிடிப்பில் பாத்ரூம் வசதியுள்ள கேரவன் வண்டி நடிகர்களுக்கு மட்டும்தான். நாங்கள் பக்கத்து வீடுகளில் கதவைத் தட்டி, பாத்ரூம் போகலாமா என்று கேட்டு நிற்போம். இதைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை.

இப்போது என்னிடம் ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது. நாமக்கல்லிலிருந்து முட்டை ஏற்றிக்கொண்டு கிளம்பும் இரண்டு லாரி டிரைவர்களின் கதை. மூன்று தயாரிப்பாளர்களிடம் சொல்லிவிட்டேன். மூன்று பேருமே கதையை முழுசாகக் கேட்டுவிட்டு, "பெண்களைப் பற்றி ஏதாவது வைத்திருக்கிறீர்களா?" என்றுதான் கேட்டார்கள்.