இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிரெஞ்சு நிலக்காட்சி ஓவியர்களில் யாரை முதலில் பார்க்கலாம்?

என்னைக் கேட்டால் நிக்கோலா து ஸ்தால் என்றுதான் சொல்வேன்.

1914-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர். ரஷ்யப் புரட்சிக்குப் பின் குடும்பம் போலந்துக்குத் தப்பியது. சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து பிரஸ்ஸல்ஸில் ஒரு குடும்பத்திடம் வளர்ந்தார். ஓவியமும் அங்கேதான் படித்தார். போர்க்காலப் பாரிஸில் கடும் வறுமை. துணைவி ஜானின் 1946-ல் இறந்துபோனார். பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது 1948-ல்.

நாற்பதுகளில் அவர் வரைந்தவை பெரும்பாலும் இருண்ட அரூப ஓவியங்கள், அதாவது எந்தப் பொருளையும் உருவமாகக் காட்டாதவை. அப்போது பாரிஸில் அரூபத்துக்குத்தான் மதிப்பு. அந்த நேரத்தில் இவர் வானத்துக்கும் கடலுக்கும் கூரைகளுக்கும் திரும்பினார். அரூப முகாமில் சிலருக்கு அது துரோகமாகப் பட்டது. எனக்கு அது பெரிய துணிச்சலாகத் தெரிகிறது.

1952-ல் வரைந்த ‘கூரைகள்’ ஓவியத்தைப் பாருங்கள். மேலே பரந்த சாம்பல் நிற வானம், கீழே நெருக்கமாக அடுக்கிய வண்ணக் கட்டங்கள், அவ்வளவுதான். ஆனாலும் ஒரு ஊர் தெரிகிறது, அதன் மேல் கவிந்த வானிலையும் தெரிகிறது. அதே ஆண்டு பாரிஸைச் சுற்றியும் நார்மண்டிக் கடற்கரையிலும் வெட்டவெளியில் நின்று சின்னச் சின்னப் படங்களாக வரைந்து தள்ளினார். மின்விளக்கு வெளிச்சத்தில் நடந்த பிரான்ஸ்–ஸ்வீடன் கால்பந்து ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வரிசையாகக் கால்பந்து ஓவியங்கள் வரைந்ததும் அந்த ஆண்டுதான்.

எனக்கு மிகவும் பிடித்தவை இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள அக்ரிஜென்டோ ஊரின் பெயரிலான ஓவியங்கள். 1953 கோடையில் குடும்பத்தோடு வேனில் சிசிலி போனார். அங்கே கோட்டோவியங்களாகக் குறித்துக்கொண்டதைத் தெற்கு பிரான்சுக்குத் திரும்பிய பிறகு தைல வண்ணத்தில் தீட்டினார். ஒன்றில் வானம் சிவப்பு, இன்னொன்றில் கறுப்பு. நிலம் மஞ்சளும் ஊதாவுமாக ஒரு புள்ளியை நோக்கி ஓடுகிறது. உண்மையில் அப்படி ஒரு வானம் கிடையாது. ஆனால் உச்சிவெயிலில் கண் கூசி நின்ற யாருக்கும் அந்தச் சிவப்பு புரியும்.

1955 மார்ச்சில், 41 வயதில், ஆன்டீப் நகரில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பலர் அந்த முடிவை வைத்தே எல்லா ஓவியங்களையும் படிக்கிறார்கள். தயவுசெய்து அப்படிப் பார்க்காதீர்கள். அந்தச் சிசிலி வண்ணங்களில் இருப்பது பார்ப்பதில் உள்ள பேரானந்தம்.

அப்புறம் ஒன்று: ‘கூரைகள்’ காலத்து ஓவியங்களில் வண்ணத்தைக் கத்தியால் தடிமனாக அப்பியிருப்பார், கடைசி ஆண்டுகளில் அதே கை வண்ணத்தை மெல்லிய பூச்சாக்கிவிட்டது. சின்னத் திரையில் இந்த வித்தியாசம் தெரியாது. அருகில் எடுத்த பெரிய புகைப்படங்களைத் தேடி, இரண்டு காலத்து ஓவியங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.