பழைய படங்கள்ல திரும்பவும் பார்க்கத் தகுந்தது எது?

கதை தெரிஞ்ச பிறகும் ரசிக்க ஏதாவது மிச்சம் இருக்கணும், என் கணக்கு அவ்வளவுதான். 1954ல வந்த ‘அந்த நாள்’ எடுத்துக்கங்க, எஸ். பாலச்சந்தர் டைரக்‌ஷன், பாட்டே கிடையாது, ஆரம்பத்துலயே சிவாஜி சுடப்பட்டு செத்துடுவாரு, அப்புறம் ஆளாளுக்கு அவரைப் பத்தி ஒரு கதை சொல்வாங்க. சுட்டது யாருன்னு தெரிஞ்சுகிட்டு ரெண்டாவது தடவை பார்த்தா அந்த ஆள் முகத்தையே கவனிச்சுட்டு இருப்பீங்க, படமே வேற மாதிரி தெரியும் (முதல் தடவைன்னா முடிவை யாரும் சொல்ல விடாதீங்க).

காமெடின்னா ‘காதலிக்க நேரமில்லை’, 1964. நாகேஷ் திகில் கதை சொல்ற சீன்ல இந்த தடவை பாலையாவை மட்டும் பாருங்க, மொத்த பயமும் அவர் மூஞ்சிலதான் இருக்கு. மகேந்திரனோட ‘உதிரிப்பூக்கள்’ மட்டும் போனை நோண்டிட்டே பார்க்காதீங்க, ஒண்ணும் ஒட்டாது.