இன்டர்வியூ கேள்வி பதில்: மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன்

இருபத்தேழு வருடம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஆள் எடுக்கும் வேலை பார்த்துவிட்டுக் கானாடுகாத்தானுக்கே திரும்பிவிட்டேன். இன்று பொழுதுக்கும் சும்மாதான் இருக்கிறேன், கேளுங்கள். அதற்கு முன்னால் ஒன்று: ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக்கூடாது.

தேவகோட்டை, பி.இ.: அண்ணே, "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் எங்கே ஆரம்பிப்பது?

பேர், அப்பா பேர், பள்ளிக்கூடம், பொழுதுபோக்கு கிரிக்கெட் என்று ஒப்பிக்காதீர்கள். அதெல்லாம் அவர்கள் கையிலிருக்கும் ரெஸ்யூமிலேயே இருக்கிறது. ஆத்தங்குடிப் பையன் ஒருவன் வந்தான், டிப்ளமோ. ஒப்பித்துக்கொண்டே வந்தவன் நடுவில் மறந்துபோய் மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். உள்ளங்கையைப் பேண்டில் துடைத்துத் துடைத்து அந்த இடமே ஈரம். பாவமாக இருந்தது. "அப்பா என்ன செய்கிறார்?" என்றேன். "பூக்கல் போடுறாங்க சார், தரைக்குப் பதிக்கிற ஆத்தங்குடி டைல்ஸ். லீவுல நானும் போவேன்."

எப்படிப் போடுவீர்கள் என்று கேட்டதுதான் தாமதம், நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான். கண்ணாடியின் மேல் அச்சை வைப்பது, அறை அறையாக வண்ணக் கலவை ஊற்றுவது, அச்சைத் தூக்கிவிட்டு உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவுவது, அதன்மேல் ஈரக் கலவை போட்டு மட்டம் செய்வது, அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவது, எல்லாவற்றையும் கையாலேயே செய்து காட்டினான். "சூளையில் வைக்கிறதில்ல சார். பளபளப்பு கண்ணாடியிலேர்ந்துதான் வருது. கண்ணாடியைச் சரியாத் துடைக்கலைன்னா கல்லுல தெரிஞ்சிடும்." நாங்கள் ஆள் தேடியது தரக்கட்டுப்பாட்டுக்கு. அதற்கு மேல் நான் என்ன கேட்பது?

ஆகவே படிப்புக்கு ஒரு வரி போதும். உங்கள் கைப்படச் செய்த ஒன்றுக்கு நாலு வரி. இந்த வேலை ஏன் என்பதற்கு ஒரு வரி. ஒன்றரை நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள்.

காரைக்குடி: வங்கி அதிகாரி வேலைக்கான பி.ஓ. தேர்வில் மெயின்ஸ் தேறிவிட்டேன். இன்டர்வியூவுக்கு எவ்வளவு முக்கியத்துவம்?

தேர்வு நடத்தும் ஐபிபிஎஸ் கணக்கில் மெயின்ஸுக்கு 80, இன்டர்வியூவுக்கு 20 என்று எடை. மெயின்ஸில் பின்தங்கியவரை அந்த இருபது தூக்கிவிடவும் செய்யும். காரைக்குடி என்று சொன்னால் ஊரைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டார்கள். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937-இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் திறக்கப்பட்டது. மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரியின் வளாகத்துக்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார்; அடிக்கல் நாட்டு விழா 1948-இல். தினமும் அந்த வாசலைத் தாண்டிப் போகிற பிள்ளைகள் இதைக் கேட்டால் முழிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பள்ளத்தூர்: கறுப்புச் சட்டை போடலாமா?

இஸ்திரி போட்ட எந்தச் சட்டையும் போடலாம்.

குன்றக்குடி: சார், செல்ஃப் இன்ட்ரோ எப்படிச் சொல்வது?

முதல் பதில்.

புதுவயல்: பி.காம் முடித்து இரண்டு வருடம் சித்தப்பாவின் அரிசி ஆலையில் கணக்கு எழுதினேன். சர்டிபிகேட் எதுவும் இல்லை. "சும்மா இருந்தேன்" என்றுதான் சொல்ல வேண்டுமா?

நீ எங்கேயப்பா சும்மா இருந்தாய்? ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை உள்ளே வந்தது, எத்தனை லாரி வெளியே போனது, நெல் வாங்கிய கணக்கை எதில் எழுதினாய், ஜிஎஸ்டி பில் யார் போட்டது, இதெல்லாம் உனக்குத் தெரியுமல்லவா? அதுதான் அனுபவம். ரெஸ்யூமில் முதல் வரியாகப் போடு.

கோட்டையூர்: சம்பளம் எவ்வளவு என்று நாமே கேட்கலாமா? கேட்கவே கூடாது என்கிறார்கள் அப்பச்சி.

முதல் சுற்றில் கேட்க வேண்டாம். அவர்களே எடுக்கட்டும்.

நாச்சியாபுரம் ஆச்சி: தம்பி, இதை நான் ஒத்துக்கமாட்டேன். எங்க ஐயா பர்மாவுக்குக் கடைக்குப் போகும்போது சம்பளச் சீட்டு எழுதின பிறகுதான் கப்பல் ஏறினாங்க. இத்தனை வருஷம், இவ்வளவு சம்பளம்னு எல்லாம் அதுல இருக்கும். வாய் திறந்து கேக்குறதுல என்ன வெக்கம்?

ஆச்சி, சீட்டு எழுதினது ஆளை முடிவு பண்ணின பிறகுதானே? நானும் அதைத்தான் சொல்கிறேன்.

நாச்சியாபுரம் ஆச்சி: ஊருக்குள்ள எல்லாரும் தெரிஞ்சவங்க, அதனால சீட்டுக்கு முன்னாடியே சம்பளம் தெரியும். இங்க ஒண்ணுமே தெரியாம பிள்ளை சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ்ஸுக்குக் காசு போட்டு அலையுது.

கோட்டையூர்: ஆச்சி சொல்றதுதான் சரி அண்ணே. மூன்று சுற்று முடிந்த பிறகு 12,000 என்றார்கள். போக வர 1,800 செலவு.

சரி, ஆச்சி ஜெயித்துவிட்டார்கள். போனில் கூப்பிடும்போதே "இந்த வேலைக்கு என்ன ரேஞ்ச் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள், தப்பில்லை. ஆனால் சொல்லும் தொகை கைக்கு வருவதா, சிடிசியா, அதாவது உங்களுக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவா என்றும் கேளுங்கள். சிடிசி என்றால் கம்பெனி கட்டும் பிஎஃப் 12 சதவீதமும், கிராஜுவிட்டிக்கு 4.81 சதவீதமும் பெரும்பாலும் அதற்குள்ளேயே ஒளிந்திருக்கும். உங்கள் பங்கு பிஎஃப் வேறு பிடிப்பார்கள். பேசி முடித்ததை ஆஃபர் லெட்டரில் வாங்குங்கள். ஐயாவின் சீட்டு அதுதான். இத்தனை வருடம் விலகமாட்டேன் என்று எழுதித் தரும் பாண்டுக்கு ஈடாக ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கேட்டால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள்.

பிள்ளையார்பட்டி: சிங்கப்பூர் வேலை, இன்டர்வியூ திருச்சியில். ஏஜெண்ட் முன்பணமும் பாஸ்போர்ட்டும் கேட்கிறார்.

இன்டர்வியூவுக்கு முன்னால் எதற்குப் பணம்? பதிவுபெற்ற ஏஜெண்டா என்று வெளியுறவு அமைச்சகத்தின் இமைகிரேட் (eMigrate) தளத்தில் பாருங்கள். பாஸ்போர்ட்டும் ஒரிஜினல்தான். இதை எத்தனை தடவை சொல்வது?

செக்காலை: வீடியோ இன்டர்வியூவுக்கு ஏதாவது சொல்லுங்கள்.

ஜன்னல் முகத்துக்கு எதிரே இருக்கட்டும், முதுகுக்குப் பின்னால் வேண்டாம். குக்கர் விசில் கேட்காத அறையாகப் பாருங்கள்.

கண்டனூர்: அண்ணா, செல்ஃப் இன்ட்ரோ மாதிரி ஒன்று எழுதித் தர முடியுமா?

முடியாது. நான் எழுதினால் அது என் கதையாக இருக்கும்.

அரியக்குடி: புதன்கிழமை காலை பத்து மணிக்குச் சென்னையில் இன்டர்வியூ. பல்லவன் ரயிலில் போனால் சரியாக இருக்குமா?

இருக்காது. பல்லவன் விடிகாலையில் கிளம்பினாலும் சென்னை சேர மதியம் ஆகிவிடும். செவ்வாய் ராத்திரி ராமேஸ்வரத்திலிருந்து வரும் வண்டியில் ஏறுங்கள். சட்டையை மடிக்காமல் ஹேங்கரில் மாட்டி எடுத்துப் போங்கள். ஃபைலைத் தலைமாட்டில் வைத்துப் படுங்கள். திரும்பி வரும்போதும் அது அங்கேயேதான் இருக்க வேண்டும்.